மூச்சுவிடும் மூடி: பழைய லாரிக்கு ஏற்ற எண்ணெய்த் தொட்டி மூடியைத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூரில் ஒரு சரக்கு லாரி, அதன் வாகன உரிமைச் சான்றிதழை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டால், 20 ஆண்டுகள் வரை சாலையில் ஓடலாம். பத்தடி லாரியோ பதினான்கடி லாரியோ, அந்த வயதை நெருங்குவதற்குள் அதன் எண்ணெய்த் தொட்டி மூடியை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ரப்பர் வளையம் வெயிலில் இறுகிப்போகும், சாவித்துளை துருப்பிடிக்கும், எண்ணெய் அடித்த அவசரத்தில் தொட்டியின்மேல் வைத்த மூடி அடுத்த வளைவிலேயே உருண்டு காணாமற்போகும். அப்போது பெரும்பாலோர் செய்வது, வாயின் அளவுக்கு ஏறத்தாழப் பொருந்துகிற ஒரு மூடியை வாங்கித் திருகிவிடுவதுதான். வாய்க்குப் பொருந்திய மூடி அந்த வண்டிக்கும் பொருந்துமா என்பதை எப்படி அறிவது? இதுவரை லாரியின் அடியில் குனிந்து பார்த்திராதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

தண்ணீர்ப் போத்தலின் மூடிக்கு ஒரே வேலை, உள்ளிருப்பது வெளியே சிந்தாமல் காப்பது. எண்ணெய்த் தொட்டியின் மூடிக்கு அதோடு இன்னொரு வேலையும் உண்டு. இயந்திரம் ஓட ஓடத் தொட்டியிலிருந்து டீசல் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்த டீசலின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். தேநீர்க் கடையில் கெட்டிப்பால் டின்னைத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் வருவதற்குத் தயங்கும். எதிர்ப்புறம் இன்னொரு துளை போட்டதும், அந்த வழியே காற்று புக, பால் தாரையாக இறங்கும். லாரியின் தொட்டிக்கும் அந்த இரண்டாவது துளை தேவை. பல பழைய லாரிகளில் அந்தத் துளை மூடிக்குள்ளேயே இருக்கிறது. வேறு சிலவற்றில் தொட்டியின் மேற்புறத்திலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பட்டறைகளில் அதைப் பிரீதர் என்பார்கள், நான் மூச்சுக்குழாய் என்றே குறிப்பிடுகிறேன். மூடி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, நமது தொட்டி மூடி வழியாக மூச்சுவிடுகிறதா, மூச்சுக்குழாய் வழியாக மூச்சுவிடுகிறதா என்பதே. அளவு, பூட்டு, விலை எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

காற்று புகவே வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டியில் 40 லிட்டர் டீசலும் மேலே 60 லிட்டர் காற்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீவு விரைவுச்சாலையின் நீளம் ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கடக்கும் லாரி 6 லிட்டர் டீசலைச் செலவிடுகிறது என்றால், அந்த 60 லிட்டர் காற்று இப்போது 66 லிட்டர் இடத்தில் பரவியாக வேண்டும். வெளியே காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். தொட்டிக்குள் அது 92 கிலோபாஸ்கலாக இறங்கிவிடும். ஒன்பது கிலோபாஸ்கல் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 60 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியின் ஒரு பக்கச் சுவரின்மீது அது ஏறக்குறைய 200 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமமான விசையாகும். டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கோ, அது டீசலை மேலும் ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தி இழுப்பதற்குச் சமமான கூடுதல் சுமை. இயந்திரத்திலிருந்து தொட்டிக்குத் திரும்பிவரும் சூடான டீசல் உள்ளிருக்கும் காற்றைச் சற்று விரியச் செய்து இந்த வேறுபாட்டை ஓரளவு குறைக்கும் என்றாலும், நீண்ட ஓட்டத்தில் அது போதாது.

இதை நான் கணக்கில் கற்பதற்கு முன்பே சாலையில் கற்றேன். எங்கள் குடும்பம் நடத்திவந்த சிறு நிறுவனத்தின் பதினான்கடி லாரி, காலையில் நன்றாகக் கிளம்பும். அரைமணி நேரத்திற்கு மேல் ஓடியதும் இழுவை குறைந்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எடுக்காமல், சில நாள்களில் சாலையோரத்திலேயே நின்றுவிடும். பின்னால் ஊழியர்கள் அமர்ந்திருக்க, கனரக வாகனங்கள் உரசிச் செல்லும் விரைவுச்சாலையின் ஓரத்தில் நிற்பது எவ்வளவு அச்சமூட்டுவது என்பது அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும். கால்மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல வண்டி மறுபடியும் கிளம்பிவிடும். டீசல் ஃபில்டரை மாற்றினோம், பிறகு ஃபீட் பம்பை மாற்றினோம், பலனில்லை. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர், “பம்பை விடுங்க தம்பி, அடுத்த தடவை நின்னா முதல்ல மூடியைத் திறந்து பாருங்க” என்றார். அடுத்த முறை நின்றபோது மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது. உடனே வண்டி கிளம்பியது. சில வாரங்களுக்கு முன் வாங்கிப் பொருத்திய அந்தப் புதிய மூடி, பழையதைப் போலவே இருந்தாலும், மூச்சுத்துளை இல்லாத வகையைச் சேர்ந்தது. நின்ற வண்டி கால்மணி நேரத்தில் தானாகவே சரியானதற்கும் காரணம் இருக்கிறது: எந்த மூடியும் முற்றிலும் காற்றுப் புகாதது அல்ல, ரப்பர் வளையத்தின் விளிம்பு வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் நிற்கும் லாரியின் தொட்டிக்குள் காற்றும் எண்ணெயும் விரிகின்றன. 100 லிட்டர் டீசலின் வெப்பம் 15 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அதன் கனஅளவு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கூடும். விளிம்புவரை நிரப்பிவிட்டு நண்பகல் வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு லிட்டர் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். டீசலைவிடப் பெட்ரோலில் இது மேலும் கவனிக்க வேண்டியது. டீசலின் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேர, எண்ணெயின் வெப்பம் 50 பாகையைத் தாண்ட வேண்டும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். ஆகவே, பெட்ரோலில் ஓடும் சிறிய வேன்களுக்கும் இலகு லாரிகளுக்கும் வாங்கும் மூடி, ஆவியைத் தாராளமாக வெளியே விடுவதாக இருக்கக்கூடாது.

இங்கிருந்துதான் மூடிகள் பல வகையாகப் பிரிந்தன. ஒரு காலத்தில் பெட்ரோல் வாகனங்களின் மூடியிலும் திறந்த துளைதான் இருந்தது. ஆவி அதன் வழியே நேராகக் காற்றில் கலந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு மாடல் வாகனங்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களிலிருந்தும் இந்த ஆவிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் தொட்டியின் ஆவியைக் கரித்தூள் நிரப்பிய ஒரு குப்பியில் பிடித்துவைத்து, இயந்திரம் ஓடும்போது அதையும் எரித்துவிடும் முறை பரவியது. அத்தகைய வாகனத்தின் மூடி ஆவியை வெளியே விடாது. உள்ளே அழுத்தம் மிகவும் குறைந்தால் மட்டும் சிறிது காற்றை உள்ளே விடும் வால்வும், அழுத்தம் அபாயகரமாகக் கூடினால் திறக்கும் வால்வும் அதற்குள் இருக்கும். ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் இரட்டை வால்வைப் போன்றதே இது, ஆனால் மிகச் சிறிய அழுத்தங்களுக்காக அமைந்தது. இந்தப் பழைய வரலாற்றைச் சொல்லக் காரணம், இணையத்தில் மூடி தேடுவோர் காணும் குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டிகளுக்காக எழுதப்பட்டவை என்பதுதான். அங்கே பெட்ரோலை ‘கேஸ்’ என்பார்கள். நமக்குக் கேஸ் என்றால் சமையல் வாயு. அவர்கள் 1970க்கு முன், பின் என்று பிரித்துக் கூறும் ஆலோசனை, இங்கே ஓடும் ஜப்பானிய டீசல் லாரிகளுக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் லாரி எந்த வகை என்பதைக் கண்டறிய, பழைய மூடி கையில் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பகுதியின் நடுவிலோ ஓரத்திலோ ஊசித்துளை போன்ற ஒரு திறப்போ, சிறிய ரப்பர்க் குடை போன்ற வால்வோ, வால்வை அழுத்திப் பிடித்திருக்கும் மெல்லிய சுருள்வில்லோ தெரிந்தால், அது மூச்சுவிடும் மூடி. சிலவற்றில், வண்டி கவிழ்ந்தால் துளையை அடைத்து எண்ணெய் கொட்டாமல் தடுக்கும் ஒரு சிறு குண்டும் உள்ளே இருக்கும். மூடியை ஆட்டினால் அது உருளும் ஓசை கேட்கும், அது உடைந்துவிட்டதாக எண்ணி எறிந்துவிட வேண்டாம். மூடியை வாயில் வைத்து உறிஞ்சிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. டீசலோ பெட்ரோலோ சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான கேடு விளைவிக்கும் என்பதால், அதைச் செய்யவே கூடாது.

பிறகு லாரியின் அடியில் பாருங்கள். தொட்டியின் உச்சியிலிருந்தோ எண்ணெய் ஊற்றும் கழுத்தின் பக்கத்திலிருந்தோ ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மேல்நோக்கிச் சென்று, சட்டகத்தின் அருகே முடிவடைகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஒன்று இருந்து, பழைய மூடியிலும் துளை ஏதும் இல்லாவிட்டால், உங்களுக்குத் தேவை துளையில்லாத மூடி. எண்ணெய் ஊற்றும்போது காற்று வெளியேறுவதற்காகக் கழுத்துக்கும் தொட்டிக்கும் இடையே ஓடும் இன்னொரு குழாயை மூச்சுக்குழாய் என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அதன் இரு முனைகளும் தொட்டியோடுதான் இணைந்திருக்கும், வெளிக்காற்றோடு அதற்குத் தொடர்பு இல்லை. புதிய மூடி வாங்குவதற்குமுன் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. கட்டுமானத் தளங்களுக்குப் போய்வரும் லாரிகளில் சிமெண்டுத் தூள் மூச்சுத்துளையை அடைத்துவிடுவதுண்டு. வண்டிக்குப் புதிதாகச் சாயம் அடித்தபோது மூடியின்மேலும் சேர்த்து அடித்துத் துளை மறைந்துபோவதும், மூச்சுக்குழாயின் முனையில் குளவி மண்கூடு கட்டுவதும் நடக்கக்கூடியவையே. இவற்றில் ஏதேனும் ஒன்றென்றால், சுத்தம் செய்தாலே போதும், செலவே இல்லை.

அடுத்தது பொருத்தம். மூடிகள் இரண்டு விதமாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒன்று மரை மூடி, பல சுற்றுத் திருக வேண்டும். மற்றொன்று காதுகள் உள்ள மூடி. கழுத்தின் இரண்டு வெட்டுகளில் காதுகளை நுழைத்துக் கால்சுற்றுத் திருப்பினால், அவை உள்விளிம்பின் சரிவில் ஏறி இறுகிக்கொள்ளும். பழைய லாரிகளில் இந்த இரண்டாவது வகையை அதிகம் காணலாம், தவறு நேர்வதும் இதில்தான் அதிகம். கழுத்தின் விட்டம் சரியாக இருந்தால் மூடி உட்கார்ந்துவிடும். ஆனால் அது இறுகுமா என்பதை முடிவு செய்வது, கழுத்தின் மேல்விளிம்புக்கும் காதுகள் பிடித்துக்கொள்ளும் உள்விளிம்புக்கும் இடையே உள்ள ஆழம். மூடியின் காது அந்த ஆழத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தாலும், ரப்பர் வளையம் போதிய அளவு அழுந்தாமல் மூடி ஆடிக்கொண்டிருக்கும். மேலே இருந்தால் காது நுழையாது, வலிந்து திருப்பினால் கழுத்தே வளைந்துவிடும். வெர்னியர் காலிப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு, கழுத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், இந்த ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், விட்டத்தை மட்டும் கண்ணளவில் சொல்லி வாங்குபவரைவிட நீங்கள் பல மடங்கு நல்ல நிலையில் இருப்பீர்கள்.

ரப்பர் வளையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூடியின் ஆயுள் பெரும்பாலும் அதன் ஆயுள்தான். சாதாரண இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஆகவே இங்கே பயன்படுத்தப்படுவது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர், அல்லது அதைவிட விலை கூடிய, வைட்டான் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்த ஃப்ளோரோ ரப்பர். வழக்கமான டீசலுக்கு நைட்ரைல் போதும். மலேசியாவுக்குப் போய்வரும் லாரிகளுக்கு நிலைமை சற்று வேறு. அங்கே 2019 முதல், பாமாயிலிலிருந்து பெறப்படும் உயிரி டீசல் பத்து விழுக்காடு கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. உயிரி டீசல் நைட்ரைலைக் காலப்போக்கில் மென்மையாக்கி வீங்கச் செய்யக்கூடியது. எல்லை தாண்டி அடிக்கடி எண்ணெய் ஊற்றும் வண்டி என்றால், கடைக்காரரிடம் வளையத்தின் பொருள் என்னவென்று கேட்டு, கிடைத்தால் ஃப்ளோரோ ரப்பர் வளையத்தையே வாங்குங்கள். மூடி நன்றாக இருந்து வளையம் மட்டும் தட்டையாகிப்போன சமயங்களில், வளையத்தை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. ஓராண்டில் பெய்யும் மழையின் அளவு 2,100 மில்லிமீட்டரைத் தாண்டும். லாரியின் தொட்டி கூரை ஏதுமின்றிச் சட்டகத்தின் பக்கவாட்டில், முன்சக்கரம் இறைக்கும் நீருக்கு நேரே, திறந்தவெளியில் இருக்கிறது. வளையம் சரியாக அழுந்தாத மூடியின் வழியே உள்ளே புகும் நீர், டீசலைவிடக் கனமானது என்பதால், அடியில் தங்கிவிடும். அங்கேதான் டீசலை உறிஞ்சும் குழாயின் முனையும் இருக்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய சேறுபோலப் படியும், ஃபில்டர் அடைபடும், அதையும் தாண்டிப் போகும் நீர், டீசலை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒரு மூடியின் விலையையும் ஒரு தொகுதி இன்ஜெக்டர்களின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் எவரும் மூடியில் மிச்சம் பிடிக்க நினைக்க மாட்டார்.

மூடி தொலைந்த நாளில் துணியைத் திணித்துப் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஓட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. துணி எண்ணெயை உறிஞ்சித் தொடர்ந்து வெளியே சொட்டவைக்கும். வளைவுகளில் தொட்டிக்குள் அலையடிக்கும் டீசல், சரியான மூடி இல்லாத வாயின் வழியே சாலையில் தெறிக்கும். டீசல் விரைவில் ஆவியாகாது. தார்ச்சாலையில் வழுக்கும் படலமாகப் படிந்து, மழைத்தூறல் விழுந்தால் மேலும் மோசமாகும். நான்கு சக்கர வண்டிக்காரர் அதை உணராமலே கடந்துவிடலாம். அதே வளைவில் பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டி விழுந்துவிடுவார். அதிகாலையில் வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிளோட்டிகள் நிறைந்த நம் சாலைகளில், இதை அற்பமான விஷயமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மூடி இல்லையென்றால், சரியானது கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைப்பதே முறை.

கடைக்குப் போகும்போது லாரியின் மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்வது போதாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் வெளிவந்த லாரியில் தொட்டி இடையிலேயே மாறியிருக்கும். முந்தைய உரிமையாளர் வேறொரு தொட்டியைப் பொருத்தியிருக்கவும் கூடும். பத்து வயதைத் தாண்டிய வண்டியில் இது வியப்பதற்கில்லை. எனவே வண்டியின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்ணான சேஸி எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய மூடியையும் எடுத்துச் செல்லுங்கள். யூபி, காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரங்களின் உதிரிபாகக் கடைகளில் சேஸி எண்ணைக் கொடுத்தால் பாக எண்ணைத் தேடி எடுத்துத் தருவார்கள். பழைய மூடியில் பாக எண் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் அசல் மூடி கிடைத்தால், தயங்காமல் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. வேறு நிறுவனத்தின் மூடி என்றால், கடையிலேயே பழையதையும் புதியதையும் அருகருகே கவிழ்த்து வைத்து, துளை, வால்வு, காதுகளின் ஆழம், வளையத்தின் தடிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த மூடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் வளையமும் உங்களுடையதைப் போலவே முதுமை அடைந்திருக்கும்.

சாவி போட்டுப் பூட்டும் மூடி வேண்டுமா என்பது வண்டியை இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திறந்தவெளியில் நிறுத்துவதானால் வாங்கலாம். ஆனால் சாவித்துளைக்கு மேல் மழைநீர் புகாத தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய லாரிகளில் தனியாகக் காணும் நீல மூடி, புகையைச் சுத்தப்படுத்த உதவும் யூரியாக் கரைசலின் தொட்டிக்கானது. பழைய லாரியில் அதற்கு இடமில்லை, டீசல் தொட்டிக்கு அதைப் பொருத்தவும் கூடாது.

புதிய மூடியைப் பொருத்தியதும் அதை இருபுறமும் அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. பிறகு தொட்டியில் பாதிக்குக் குறைவாக எண்ணெய் இருக்கும் ஒரு நாளில், குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து மூடியை மெல்லத் திறந்து காதுகொடுத்துக் கேளுங்கள். கரித்தூள் குப்பி உள்ள பெட்ரோல் வண்டியில் சிறு ஓசை இயல்பானது. டீசல் லாரியில் காற்று பலமாக உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், மூடி தவறானது, அல்லது மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது. அடுத்த முறை தொட்டியை நிரப்பிய நாளில் சில வளைவுகளைத் தாண்டியபின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத்தாளால் துடைத்துப் பாருங்கள். தாளில் எண்ணெய் பட்டால் வளையம் அழுந்தவில்லை. பத்து வயதைக் கடந்த சரக்கு வாகனம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆய்வுக்குப் போக வேண்டும், அங்கே எரிபொருள் கசிவையும் பார்ப்பார்கள் என்பதால், இந்தச் சோதனையை அதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். புதிய மூடியோடு சங்கிலியோ பட்டையோ வராவிட்டால், ஒரு சிறு சங்கிலியை வாங்கி மூடியைக் கழுத்தோடு பிணைத்துவிடுங்கள். துளையிட்டுப் பிணைக்காதீர்கள், மூடியின் பிடியைச் சுற்றிக் கட்டினால் போதும்.